சின்னப்பாவின் காலுக்கு ஈடு

ஜப்பான்காரன் மலாக்கா ரயில் பாதையைப் பெயர்த்துச் சயாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். ஆட்கள் ஒரு தண்டவாளத்தைத் தூக்கிப் போகையில், பின்முனையில் இருந்த ஜெயபாலன் பக்கவாட்டில் வந்த சிப்பாயைக் கண்டான். சிப்பாயைக் கண்டால் குனிந்து வணங்க வேண்டும். வணங்காதவன் கன்னம் பழுக்கும். பாழாய்ப்போன உடம்பு அவனைக் கேட்காமலே குனிந்துவிட்டது. பின்முனை சரிய, முன்முனை துள்ளிச் சின்னப்பாவின் வலது காலை நசுக்கியது.

சின்னப்பா, மலாய் பேசும் மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டிக்காரர், வெள்ளைக்காரன் காலத்திலேயே ரயில் வேலை பார்த்தவர். வேலையில் கால் போனால் நஷ்டஈடு உண்டு என்று அவருக்குத் தெரியும். காசு வேண்டாம், வேலைக்காக வீட்டுக்கு வரும் ரேஷன் அரிசியை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று ஆபீசில் கேட்டார். தப்பு யாருடையது என்று விசாரித்தார்கள். முன்முனையைப் பிடித்திருந்த சின்னப்பாவுக்குப் பின்னால் நடந்தது தெரியாது.

"என் கைதான் நழுவியிருக்கும்" என்றார் அந்த வெள்ளை மனசுக்காரர். சொந்தத் தப்புக்கு அரிசி கிடையாது என்று முடித்துவிட்டார்கள். அங்கேயே நின்ற ஜெயபாலனுக்கு வாயில் கொழுக்கட்டை. உண்மையைச் சொன்னால், போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் வேலைக்குத் தன்னை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம்.

பிறகு கஜா பெராங்கில் இருந்த சின்னப்பாவின் வீட்டுக்கு அவரைப் பார்க்கப் போனான். மனைவி அன்னம்மா, அவித்த மரவள்ளிக்கிழங்கில் அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். சின்னப்பா மலாயில், "உன் தோளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று விசாரித்தார். இதுவும் ஒரு பிழைப்பா என்று அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மறுநாள், சயாமானாலும் சரி என்று ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி ராஜரத்தினத்திடம் கொட்டிவிட்டான். "நான் குனிஞ்சதாலதான் சார் விழுந்துச்சு. அவருக்கு அரிசி குடுக்கச் சொல்லுங்க."

துபாஷி அதை எடுத்துச் சொல்ல, ஜப்பானிய அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"கையில பாரம் இருந்தும் வணங்கினியாம். துவானுக்கு ரொம்ப சந்தோஷம். உனக்கு ஒரு பை அரிசி" என்றார் துபாஷி.

"அண்ணனுக்கு சார்?"

"வணங்குறது சட்டம். சட்டப்படி நடந்ததுல யார் மேலயும் தப்பு இல்ல. தப்பு இல்லேன்னா ஈடும் இல்ல."

அந்தப் பையை அப்படியே சின்னப்பா வீட்டில் கொண்டுபோய் வைத்து, நடந்ததெல்லாம் சொன்னான். சின்னப்பா கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இது என் காலுக்குக் குடுத்ததில்ல."

"இல்லண்ணே. நான் குனிஞ்சதுக்கு."

சின்னப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்னம்மா இருவரையும் பார்க்காமல், பையை அவிழ்த்து உலைக்கு அரிசி அளந்தாள்.