வான்வேந்தரின் ரிமோட்

திறப்பு விழாவுக்கு இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தபோது மாமா என் விமானத்தைக் கரும்புக்குள் விட்டார்.

விட்டார் என்பது அவருடைய சொல். "லைட்டா கரும்புக்குள்ள வுட்டுட்டேன் சுதா" என்றார். நானும் அவர் மகள் மணிமொழியும் உள்ளே போய்த் தேடினோம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு. சோகை இலை கையெல்லாம் கீறியது. வால் ஒரு சாலில் கிடந்தது, இறக்கை நான்கு சால் தள்ளிக் கிடந்தது. மூக்கில் இருந்த மோட்டாரைத் தொட்டதும் விரல் சுட்டது.

அது நான் பொருத்திய மோட்டார் இல்லை.

மாமா தமிழரசன் கள்ளக்குறிச்சியில் போர்வெல் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். ஏழரை எச்.பி.யைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார். கை முஷ்டியளவுகூட இல்லாத விமான மோட்டாரை நான் முதலில் காட்டியபோது அதை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார்.

"எத்தன எச்.பி.?"

"எச்.பி.ல சொல்ல மாட்டாங்க மாமா. கே.வி."

"எத்தன கே.வி.?"

"ஆயிரம்."

கிலோவோல்ட் என்று எண்ணி அவர் முகம் மலர்ந்தது. அது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு மட்டும்தான். சின்ன எண் என்றால் நிதானமாகச் சுற்றும், பெரிய விசிறியை இழுக்கும். பெரிய எண் என்றால் வேகமாகச் சுற்றும், சின்ன விசிறிதான் போட வேண்டும். எழுநூறு கிராம் எடையுள்ள என் விமானத்துக்கு ஆயிரமும் பத்து அங்குல விசிறியும் சரி. இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் யாருக்கோ போன் போட்டு, "எங்க வூட்ல ஆயிரம் கே.வி. இருக்குதுப்பா, சப் ஸ்டேஷன்ல கூட அவ்ளோ கெடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சுலபம்.

கடையில் இரண்டாயிரத்து இருநூறு கே.வி. என்று ஒன்று இருப்பதை அவர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். எனக்குத் தெரியாமல் வாங்கி, ஆயிரத்தைக் கழற்றிவிட்டு, அதே பத்து அங்குல விசிறியோடு மாட்டி, ரிமோட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறார். விசிறியை இழுக்க முடியாமல் மோட்டார் நடுவானில் புகைந்திருக்கிறது.

"புகை வந்திச்சே, அப்பவே எறக்கி இருக்கலாம்ல?" என்றாள் மணிமொழி.

"ஜெட்டுன்னா புகை வரும். அது ஒனக்குத் தெரியுமா?" என்றார் மாமா.

இதில் சிக்கல் விமானம் உடைந்தது இல்லை. ஃபோம் ஷீட், ஹாட் க்ளூ, சைக்கிள் போக்ஸ் கம்பி எல்லாம் வீட்டிலேயே இருந்தன. ஒரே நாளில் புது உடம்பு செய்துவிடலாம். சிக்கல், கல்வராயன் மலையில் வெள்ளிமலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ். மாமாவின் காயில் கடை அங்கே கிளை திறக்கிறது. ஃப்ளெக்ஸில் மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய போர் விமானத்தின் மேல் கை வைத்து நின்றார். கீழே எழுதியிருந்தது: மலை வரலாற்றில் முதன்முறையாக விமானத்திலிருந்து பூமழை. இயக்குபவர் வான்வேந்தர் தமிழரசன்.

என் பெயர் இல்லை. இருந்திருந்தால் நான் மலைக்கே போயிருக்க மாட்டேன். அதனால் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விமானத்தை கல்லூரியில் மூன்றாவது வருஷம் இயற்பியல் படிக்கும்போதிருந்து வரைந்து வரைந்து அழித்து, எட்டு மாதம் கழித்துப் பறக்க வைத்தவள் நான். அது பறந்துவிட்டு முழுசாக இறங்குவதை நான் ஒருமுறையாவது நாலு பேருக்கு நடுவில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"மாமா ஓட்டினா மறுபடி கரும்பு" என்றேன் அம்மாவிடம்.

"மலையில ஏதுடி கரும்பு?" என்றாள் அம்மா. "ஒன் காதுகுத்துக்கு மடியில ஒக்கார வெச்சவன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டான். அவன் மூஞ்ச ஒடச்சிடாத."

மணிமொழிதான் வழி சொன்னாள். என்னிடம் அதே மாதிரி ஒரு பழைய ரிமோட் இருந்தது. உள்ளே ஆண்டெனா ஒயர் அறுந்து, எதற்கும் உதவாமல் கிடந்தது. "அத அப்பா கைல குடு. நெஜத்த நீ வெச்சிக்க."

"நான் கைல வெச்சிக்கினு நின்னா தெரியாதா?"

"பைக்குள்ள வெச்சிக்க."

துணிக்கடையில் தரும் பெரிய கட்டைப்பை. இரண்டு கையும் உள்ளே போனது. ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றால், கூட்டத்தில் கூச்சப்படுகிற பெண் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. அதுதானே உண்மையும்.

பழைய ரிமோட்டில் விளக்கு எரியாது. மணிமொழி அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினாள். பேட்டரி இல்லாததால் கனமும் குறைவாக இருந்தது. மாமாவின் கை கனம் அறிந்த கை. ஆகவே பேட்டரி இடத்தில் கடலை மிட்டாய் வைத்து மூடினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

மாமாவிடம் மோட்டாரைப் பற்றி மட்டும் உண்மையைச் சொன்னேன். ஆயிரம்தான் போட்டிருக்கிறேன் என்றேன்.

"பரவால்ல. சின்ன மோட்டாரையும் ஓட்டத் தெரியணும்ல" என்றார்.

ஞாயிறு காலை கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். டாடா ஏஸின் பின்னால் மணிமொழி ஒவ்வொரு வளைவிலும் இறக்கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். கடைக்குப் பக்கத்தில் சாமை அறுத்த நிலம் திறந்து கிடந்தது. ஒரு பக்கம் பந்தல், எதிர்ப்பக்கம் ஓடைப் பள்ளம், தலைமாட்டில் சில்வர் ஓக் வரிசை. இறக்குவதற்கு இருந்தது ஒரே கோடு. மரங்களைத் தாண்டித் தாழ்ந்து வந்து நிலத்தின் நடுவில் இறக்க வேண்டும். மேட்டில் காற்றும் கொஞ்சம் லேசு, விசிறிக்குப் பிடிமானம் குறையும். விமானத்தின் வயிற்றில் இருந்த பெட்டியில் பூவை நூறு கிராமோடு நிறுத்தினேன்.

"நூறு கிராமா?" மாமா பதறினார். "கோயில் அர்ச்சனையில கூட அதவிட ஜாஸ்தி தூவுவாங்க. ரெண்டு கிலோ வாங்கியாந்துட்டேனே."

"மீதிய நாங்க கையால தூவுறோம்பா" என்றாள் மணிமொழி.

அதற்குள் அம்மா விமானத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மூக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த கயிற்றைக் கட்டியிருந்தாள். புது வண்டி என்றால் கட்டத்தானே வேண்டும். பழம் சரியாக விசிறிக்கு நேராக ஆடியது. மாமா கற்பூரம் சுற்றும்போது எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. கயிற்றை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மணிமொழி விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். மாமா போலி ரிமோட்டை உயர்த்திக் காட்டினார். கைதட்டல். "ஒன், டூ..." என்றார். மூன்றுக்கு முன்னால் நான் பைக்குள் கட்டைவிரலை மேலே தள்ளினேன். விமானம் அவள் கையை விட்டுக் கிளம்பியது.

ஆயிரம் கே.வி. எவ்வளவு அழகாகப் பாடும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நிதானமான, தாழ்ந்த குரல். விமானம் பந்தலைச் சுற்றி வந்தது. பைக்குள் சுவிட்சைத் தட்டினேன், நூறு கிராம் பூவும் கொட்டியது. பெரும்பாலும் ஓடைப் பள்ளத்தில். அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஒரு எருமை முழு மரியாதையையும் வாங்கிக்கொண்டது.

"பாத்தீங்களா!" மாமா கத்தினார். "இப்ப லெப்ட்ல திருப்புறேன் பாருங்க!"

நான் அவசரமாக இடப்பக்கம் திருப்பினேன்.

"இப்ப ரைட்டு!"

திருப்பினேன். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவர் சொல்லிவிட்டுத் திருப்புகிறவரையில் எனக்குப் பிரச்சினை இல்லை. பிறகு சொல்லாமலே ரிமோட்டின் குச்சிகளை ஆட்ட ஆரம்பித்தார். நான் அவர் விரலைப் பார்ப்பதா, வானத்தைப் பார்ப்பதா?

"சுதா, பைய வெச்சிட்டு எல்லாருக்கும் டீ குடு" என்றாள் அம்மா.

"அப்புறம்மா."

"இன்னா அப்புறம்? பையில தங்கமா வெச்சிக்கினு இருக்கிற?"

மணிமொழி பாய்ந்து வந்து அம்மா கையிலிருந்த டீத் தட்டை வாங்கிக்கொண்டாள். இதற்கிடையில் மாமா கையை உதறினார். ரிமோட்டின் பொத்தான் இடுக்குகளில் இருந்து எறும்புகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. கடலை மிட்டாய் நேற்றிரவே அவற்றை அழைத்திருக்கிறது. மாமா மேலே பார்த்தபடியே இருந்ததால் எறும்பைப் பார்க்கவில்லை.

"கைல சுர்ருனு ஏறுது பாரு. கரண்ட்டு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். "ஆயிரம் கே.வி.ன்னா சும்மாவா?"

மோட்டாரின் குரல் இறங்குவது எனக்குக் கேட்டது. பேட்டரி தீர்கிறது. இறக்கியாக வேண்டும். விமானத்தைச் சில்வர் ஓக் பக்கம் கொண்டுபோய்த் திருப்பி, வேகத்தைக் குறைத்து, அந்த ஒரே கோட்டில் நிறுத்தினேன். மரங்களைத் தாண்டியது. தாழ்ந்தது.

அப்போது மாமா நடந்து போய் நிலத்தின் நடுவில் நின்றார். விமானம் வரும் பக்கம் திரும்பாமல், பந்தலைப் பார்த்து. யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். அதற்காகக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அப்பா, ஒதுங்கு!" என்றாள் மணிமொழி.

"ஏய், நான்தான ஓட்டினுகிறேன்? எனக்குத் தெரியாதா எங்க எறங்கும்னு?"

"அப்பா, நேரா வருது!"

"தலைக்கு மேல ஓட்டினு போவேன். வீடியோல சூப்பரா வுழும். பேசாம இரு."

பழைய ரிமோட்டின் குச்சியை முழுசாகப் பின்னால் இழுத்து, சிரித்தார். எறும்பு முழங்கை வரை வந்திருந்தது.

மேலே தூக்க மோட்டாரில் உயிர் இல்லை. வலப்பக்கம் பந்தல் நிறைய ஜனம். இடப்பக்கம் திருப்பினால் ஓடைப் பள்ளம், பாறை. விமானம் போய்விடும், மாமாவின் முகம் தப்பிக்கும். பாறையில் மோதினால் காற்று அடித்தது என்று அவரே கதை சொல்லிக்கொள்வார். கட்டைவிரல் இடப்பக்கம் பாதி தூரம் போய்விட்டது. இறக்கை சாய்ந்தது.

நான் விரலைத் திருப்பிக் கொண்டுவந்தேன், விமானம் மறுபடி அந்தக் கோட்டுக்கு வந்தது. பையை உதறினேன். எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியது. நிஜ ரிமோட்டைப் பிடித்தபடி சாமைத் தட்டைகளை மிதித்துக்கொண்டு ஓடினேன். என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"குனி மாமா! அத ஓட்டறது நீ இல்ல, நான்!"