காலியாக விடக்கூடாத கட்டம்

1

இந்தக் கதை ஒரு விடுப்புப் படிவத்திலிருந்து பிறந்தது. அந்தப் படிவத்தைக் கணினியில் ஏற்றியவன் நான். தப்பாக ஏற்றியவனும் நான்தான். கடைசிப் பத்தி வரைக்கும் மூடி வைத்திருந்து அவிழ்க்கும் வித்தையெல்லாம் இதில் வேண்டாம் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஸம்பத்குமார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், வருகையும் விடுப்பும் பதிகிற டைம் ஆபீஸில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவேன். இன்று ஞாயிறு.

2

முதல் தொடக்கம்: "பூமிகா கண்ணாடி முன் நின்றாள். மார்பு இருந்த இடத்தில் இரண்டு தழும்புகள். அவள் கண்களில்..."

[இதோடு நிறுத்திவிட்டேன். நேற்று இதைப் பூமிகாவுக்கே வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.]

"இன்னா சார் இது? நான் எப்போ கண்ணாடி முன்னாடி நின்னு அழுதேன்? எங்க ஊட்டுக் கண்ணாடியில மூஞ்சி மட்டும்தான் தெரியும். தலைக்கு எண்ணெ வெக்கக் கையத் தூக்க முடியலன்னு அழுதேன். எழுதறதா இருந்தா அத எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "நோயை வென்ற வீராங்கனை..."

இதையும் அடித்தேன். அவள் எந்த நோயையும் வெல்லவில்லை. நோய் வரவே இல்லை. ஆபீஸில் தகராறே அதுதான்.

3

பூமிகாவுக்கு முப்பத்து நான்கு வயது. கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி, நெல் விளைகிற ஊர். எங்கள் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் எழுத்தர். எந்த எந்திரத்தை எப்போது நிறுத்திப் பார்க்க வேண்டும், எந்த உதிரிப் பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்று அட்டை எழுதிவைப்பது அவள் வேலை.

அவள் அம்மா நாற்பத்தோரு வயதில் மார்புப் புற்றில் போனார். அக்கா முப்பத்தாறில். அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் இவளுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். குடும்பத்தில் இறங்கி வருகிற அந்த மரபணுக் கோளாறு இவளுக்கும் இருந்தது. ஒரு வருஷம் யோசித்தாள். பிறகு, நோய் வருவதற்கு முன்பே இரண்டு மார்பகங்களையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

[என் மனைவி கோதா கேட்டாள்: "அதுக்குள்ள அறுக்கணுமா? திருவள்ளூர் குளத்துல வெல்லம் கரைச்சிருக்கலாமே?" வெல்லம் கரைவதுபோல் வியாதி கரையும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பூமிகாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கரைச்சேன் சார்" என்றாள். "அம்மாவுக்குக் கரைச்சோம், அக்காவுக்கும் கரைச்சோம்."]

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது விலாவில் இரண்டு குழாய்கள், அவற்றின் நுனியில் நீர் வடிய இரண்டு குப்பிகள். நைட்டியில் ஊக்குக் குத்தி அவற்றை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவள் கணவன் மணிகண்டன் காலையும் மாலையும் குப்பிகளைக் காலிசெய்து, எவ்வளவு வடிந்தது என்று நோட்டில் குறித்தான். ஆறு வாரம் ஓய்வு என்று டாக்டர் எழுதிய சீட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தவனும் அவன்தான்.

கணினியில் "நோயின் பெயர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. நாமாக எழுதவும் முடியாது. பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். வைரஸ் காய்ச்சல், எலும்பு முறிவு, மூலம், புற்றுநோய். புற்றுநோய் என்று போட்டால் பொய். பட்டியலின் அடியில் "சொந்த விருப்பச் சிகிச்சை" என்று ஒன்று இருந்தது. பல்லை வரிசைப்படுத்துகிறவர்களுக்கும் மருவை எடுக்கிறவர்களுக்கும் வைத்தது. அதை அழுத்தினேன். பக்கம் திறந்தது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீ ஆறிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

4

சொந்த விருப்பத்துக்கு ஆறு வாரம் விடுப்பு கிடையாது. ஐந்தாவது வாரம் பூமிகா வீட்டுக்கு நோட்டீஸ் போனது: அனுமதியின்றி வராமல் இருப்பதால் உங்கள் பெயரை ஏன் நீக்கக் கூடாது? திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் தரவும்.

அவள் திங்கள்வரை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமையே ரயிலேறி வந்துவிட்டாள், அக்குளில் மடித்த துண்டு ஒன்றை இடுக்கிக்கொண்டு. மேலாளர் ரகுராம் அவளை உட்காரச் சொன்னார். நான் கோப்போடு பக்கத்தில் நின்றேன்.

"கேன்சர் வந்திருந்தா நானே கையெழுத்து போட்டிருப்பேன்மா. வரலயே! நல்லா இருந்த உடம்ப நீயே போய் அறுத்துக்கினு வந்து லீவு கேட்டா, நான் இன்னா பண்றது?"

"அப்போ வந்துட்டு வரணுமா சார்?"

"சிஸ்டம்ல இன்னா இருக்குதோ அதான். சொந்த விருப்பம்னு போட்டிருக்குது பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் பார்த்தேன்.

5

இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் கத்திக்கொள்கிறேன். கதைக்குள் கட்டுரை புகுந்தால் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

போன ஆவணியில் எங்கள் ஆலையை நான்கு நாள் நிறுத்தினோம். எதற்கு? கிரேனின் இரும்புக் கயிற்றை மாற்ற. அறுந்துபோன கயிறா? இல்லை. ஒரு இழைகூட விட்டுப்போயிருக்கவில்லை. அதற்கான அட்டையைப் பூமிகா தன் கையால் எழுதியிருந்தாள்: "நிலை: நன்று. மாற்றக் காரணம்: அறுந்தால் கீழே ஆள் இருப்பான்." அதில் கையெழுத்துப் போட்டவர் ரகுராம். புதுக் கயிற்றுக்குப் பூசணிக்காய் உடைத்து, சர்க்கரைப் பொங்கல் கொடுத்ததும் அவரே. நல்ல கயிற்றை ஏன் கழற்றினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறுந்த பிறகு வா என்று யாரும் அந்தக் கயிற்றைத் திருப்பி அனுப்பவில்லை.

அந்த அட்டையை எழுதிய கைதான் இன்று தலைக்கு எண்ணெய் வைக்க மேலே எழும்பவில்லை. இரும்புக்கு ஒரு நியாயம், பூமிகாவுக்கு ஒரு நியாயமா? வெள்ளிக்கிழமை அந்த அறையில் இதைச் சொல்லாமல் நின்றவன் நான்.

6

முடிவு அ: ரகுராம் மனம் மாறுகிறார், கண் கலங்குகிறார். [அவரைப் பதினோரு வருஷமாகத் தெரியும். வேண்டாம்.]

முடிவு ஆ: பூமிகா ராஜினாமாவை வீசிவிட்டுத் தலைநிமிர்ந்து நடக்கிறாள். [தலைநிமிர்ந்து நடந்தால் அடுத்த மாதம் சோறு யார் போடுவது? கதாசிரியனா?]

முடிவு இ: முடிவை வாசகர் கையில் ஒப்படைப்பது. எழுதுகிறவர்களுக்கு இது பழகிய வழி. எனக்கும் பிடித்திருந்தது. படிவத்தின் அந்தக் கட்டத்தை இங்கே காலியாக வரைந்து, "நீங்களே நிரப்புங்கள்" என்று முடித்திருந்தேன். சற்றுமுன் பூமிகா போன் செய்தாள்.

"முடிவு இன்னா சார் எழுதினீங்க?"

"படிக்கறவங்க கையில விட்டுட்டேன்மா."

"அவங்க நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸுக்கு வருவாங்களா?"

நான் வரைந்துவைத்த கட்டத்தைப் பார்த்தேன்.

"ஃபைல அடுத்த மேசைக்குத் தள்ளற மாதிரியே கதையையும் தள்றீங்களே சார். தப்பா ஏத்தினது நீங்கதானே? அத ரகுராம் சார் முன்னாடி சொல்லுங்க. கதையில சொல்லிக்கினு இருக்காதீங்க. கிரேன் அட்டைய நான் எடுத்துக்கினு வர்றேன். நீங்க வருவீங்களா?"

சொன்னால் எனக்கும் மெமோ வரும். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

"வரேம்மா" என்றேன்.

வரைந்த கட்டத்தை அழித்துவிட்டேன். ரகுராம் என்ன செய்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். திங்கட்கிழமை இன்னும் விடியவில்லை. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் இங்கே எழுதிவைத்து, இன்றைக்கே பத்திரிகைக்கு அனுப்பிவிடப்போகிறேன். நாளைக்கு அந்த அறையில் மறுபடி நான் கோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றால், அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.