கண்ணாடிப் பஞ்சு

"இஞ்சேருங்கோ, கேக்குதே?"

ஈரப் புல்லில் முழந்தாளிட்டு, சுவரின் அடியிலிருந்த சதுர வாசலுக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டாள் யோசப்பின். உள்ளே கைவிளக்கின் வெளிச்சமும், மல்லாந்து கிடந்த புருஷனின் சப்பாத்துகளும் தெரிந்தன.

"கேக்குது. சொல்லும்."

"அத்தான் உங்களைக் கேக்கிறார்."

"இந்தா, இந்த வரிசை முடிய வாறன்."

காலையிலிருந்து பீலிக்ஸ் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தின் ஓரத்திலிருந்த அந்த வீட்டின் பின்னறை, முன்பு குடியிருந்தவர்கள் பிறகு சேர்த்துக் கட்டியது. நிலம் சரிவு என்பதால் தாழ்ந்த சுவர்களின்மேல் மரச் சட்டங்களைக் கிடத்திப் பலகை அடித்திருந்தார்கள். அடியில் ஓர் ஆள் தவழ மட்டும் இடம். யோசப்பின் அத்தான் என்று கூப்பிடும் பீலிக்ஸின் அண்ணன் அன்ரனுக்கு நெஞ்சில் புற்று என்று தெரிந்ததும், கலியாணம் செய்யாத மனிசனைத் தனியே விட மனமில்லாமல் அந்த அறைக்குக் கூட்டிவந்தார்கள். போன மாரியில் அவர், "கட்டிலுக்குக் கீழாலை குளிர் அடிக்குது" என்றபோது, பீலிக்ஸ் சுவரிலிருந்த காற்றுத் துவாரங்களையெல்லாம் பழைய தலையணைகளால் அடைத்துவிட்டான். குளிர் வரும் வழியை அடைத்தால் குளிர் நிற்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு அதற்குமேல் தோன்றவில்லை. மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தில் ஏறியது. கோடை முடிவதற்குள் சட்டங்களில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து, அறை முழுக்க நனைந்த சாக்கு மணம்.

உலகக் கிண்ணத்துக்குக் கட்டிய கொடியை இலையுதிர்காலம் வந்தும் வேலியிலிருந்து அவிழ்க்காத பக்கத்து வீட்டு வேர்னர்தான் வந்து பார்த்தார். மண்ணுக்குமேல் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு, பலகைக்கு அடியில் சட்டங்களுக்கிடையே குளிரைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு, துவாரங்களில் எலி புகாத கம்பி வலை. ஆனால் துவாரத்தை அடைக்கவே கூடாது, காற்று ஓட வேண்டும் என்றார். பீலிக்ஸ் லீவு எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான். புற்றுக்கும் பூஞ்சணத்துக்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினான். மறுநாளும் கீழே போனான். தரை காய்ந்தால் அண்ணைக்கு மூச்சு இலகுவாகும் என்ற எண்ணத்தை அவனிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை.

இன்று காலை கத்தோலிக்கச் சுவாமியார் வந்து, சாகக் கிடப்பவருக்குரிய செபத்தோடு எண்ணெய் பூசிவிட்டுப் போனார். பின்னால் வந்த தாதி யோசப்பினை வாசலுக்கு அழைத்து, பொழுதுபடும்வரை தாங்காது, இருக்க வேண்டியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள். யோசப்பின் அதை சுவரடி வாசலுக்குள் அப்படியே சொன்னாள். "ம்" என்றது உள்ளேயிருந்து. அதன்பிறகு சுத்தியல் தட்டும் சத்தம் இன்னும் வேகமாகக் கேட்டது.

அவள் மறுபடி அறைக்குள் போனபோது அன்ரன் கண் விழித்திருந்தார். கட்டிலுக்கு நேர் கீழே டக், டக் என்றது.

"எங்க அவன்?"

"கீழ, அத்தான். இந்தா வாறாராம்."

"நான் மேல போறன், அவன் கீழ போறான்." சிரிக்கப் போய் இருமினார்.

அவள் வாயைத் துடைத்துவிட்டாள். "அவருக்கு விசர்."

"விசரில்லை, பயம். சின்னனிலையும் உப்பிடித்தான். ஐயா பிரம்போட வந்தா கட்டிலுக்குக் கீழ பூந்திடுவான். நான்தான் காலிலை பிடிச்சு இழுக்கிறது." அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "இப்ப எனக்கு ஏலாது. நீர் கூட்டிவாரும், பிள்ளை."

யோசப்பின் செருப்பும் போடாமல் ஓடினாள். இம்முறை கூப்பிடவில்லை. கையை நீட்டிக் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள்.

"என்னப்பா?"

"வெளிய வாங்கோ. அவர் உங்களை இழுத்துக்கொண்டு வரச் சொன்னவர்."

பீலிக்ஸ் தவழ்ந்து வந்து நிமிர்ந்தான். தலைமயிரிலும் இமையிலும் கண்ணாடிப் பஞ்சின் மஞ்சள் நார். கைகள் முழங்கைவரை சிவந்து தடித்திருந்தன. அவன் நேரே அறைக்கதவை நோக்கி நடந்தான். யோசப்பின் முன்னால் போய் மறித்தாள்.

"உந்தக் கோலத்தோட போகாதேங்கோ. அந்தத் தூள் அவரின்ர நெஞ்சுக்குள்ள போகும். குளிச்சிட்டு வாங்கோ."

அவன் தன் கைகளைப் பார்த்தான். "ஓம்" என்று திரும்பினான்.

குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது. யோசப்பின் போர்வையை இழுத்துவிட்டாள். யன்னலைத் திறந்தாள், மூடினாள். கதிரையைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டுத் தானே அதில் இருந்தாள்.

"வந்திட்டானோ?"

"வந்திட்டார், அத்தான். குளிக்கிறார்."

"நல்லாக் குளிக்கட்டும்." அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூச்சு ஒன்று வந்தது. நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று. அடுத்ததற்கு அவள் காத்திருந்தாள். தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.

அவள் எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். உள்ளே பீலிக்ஸ் பிரஷால் தோலைத் தேய்க்கும் சத்தம், தேங்காய் துருவுவது போல. கை தானாக இறங்கியது. திரும்பி வந்து, வாய் திறந்துவிடாமல் அன்ரனின் நாடியை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றாள்.

கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு பீலிக்ஸ் வந்தான். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நித்திரையே?"

யோசப்பின் விலகிக் கதிரையைக் காட்டினாள். அவன் இருந்து, அண்ணனின் கையை இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டான். அந்தக் கையில் இன்னும் சூடு இருந்தது.

"அண்ணை, துவாரம் எல்லாம் திறந்திட்டன்," என்றான் மெதுவாக. "காத்து இப்ப இந்தப் பக்கத்தாலை வந்து அங்காலை போகுது. சட்டம் காய ரெண்டு மூண்டு கிழமை எடுக்குமாம். அதுக்குப் பிறகு..."

யோசப்பின் கதவில் தொங்கிய துவாயை எடுத்துவந்து, பின்னால் நின்று அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அவன் அண்ணனின் கையைத் தன் நெற்றியில் வைத்துக் குனிந்தான். அவள் துவட்டுவதை நிறுத்தவில்லை.