‘ஊருக்குப் போவம்’ என்ற இடத்தில் ஒரு வெட்டு

1.

இந்தக் கதை எனக்கு ஒரு கைதட்டலில் கிடைத்தது. கொழும்பில் ஆவணப்பட விருது விழா. சிறந்த படத்தொகுப்புக்கான விருது கண்டக்குழிப் பிள்ளை றிஃப்னாவுக்கு. நடுவர்கள் ஒரேயொரு வெட்டைத்தான் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். கண்டக்குழி வீட்டு வாசலில் அலீமா கொடியில் காய்ந்த துணியை எடுக்கிறார், “சரி, ஊருக்குப் போவம்” என்று அவர் குரல் கேட்கிறது, திரை இருள்கிறது. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கண்டக்குழிக் கரையில் குடியேறிய பெண்ணின் ஏக்கமெல்லாம் அந்த மூன்று சொல்லில். மண்டபமே மூக்கைச் சிந்தியது. நானும்தான்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கண்டக்குழிக் கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக…”

(விட்டுவிட்டேன். கடலைத் துணைக்குக் கூப்பிடாமல் இந்தக் கரையைப் பற்றி ஒரு வரி எழுத வராதா என்று என்மேலேயே எரிச்சல்.)

றிஃப்னாவிடமே போவோம். அவள் பிறந்தது இங்கே, ஓலைக் கொட்டில் முகாமில்.* ஆனால் வீட்டில் ‘ஊர்’ என்றால் மன்னார்தான். ஊர் மீன்தான் மீன், ஊர்த் தண்ணிதான் தண்ணி, ஊரில் கொண்டாடியதுதான் பெருநாள். உம்மா சொல்லச் சொல்ல, கண்ணால் காணாத இடத்துக்காக அவளும் ஏங்குவாள்.

*முகாம் என்றதும் நீங்கள் கண்ணீரை எதிர்பார்ப்பீர்கள். அவளுக்கு ஞாபகம் இருப்பது குழாயடி வரிசையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து உம்மா சிரித்த சிரிப்பு. அந்த வரிசையில் இன்னொரு தடவை நிற்கக் கிடைத்தால் விருதைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள்.

3.

விருதோடு வந்தவள் நேரே பக்கத்து வீட்டு அலீமா மாமியிடம் போய், மடிக்கணினியில் படத்தைப் போட்டுக் காட்டினாள். அந்த வெட்டு வந்தது. மாமி அழவில்லை.

“மகள், இது நான் மன்னாரில வெச்சுச் சொன்னதுதானே?”

“ஓம் மாமி. முபாரிஸ் உங்களக் கூட்டிப்போய்ப் பதிஞ்சது.”

“பழைய வீடு வளவெல்லாம் பாத்து முடிஞ்சு, வேனுக்கு நடக்கக்குள்ள சொன்னன். இஞ்ச வாறதுக்குத்தானே சொன்னன், ஊருக்குப் போவமெண்டு!”

றிஃப்னா படத்தை நிறுத்தினாள். ஒளிப்பதிவாளன் முபாரிஸ் கொண்டுவந்த குரலை அவள் வேண்டுமென்று திருப்பவில்லை. ‘ஊர்’ என்று காதில் விழுந்ததும், பிறந்ததிலிருந்து கேட்ட அர்த்தத்திலேயே கேட்டுவிட்டாள்.

“மாமா மவுத்தாகி இஞ்சதானே அடங்கியிருக்கார்,” என்றார் அலீமா. “அவர விட்டுட்டு நான் எந்த ஊருக்குப் போற? கேட்டா மனுசன் என்ன நினைப்பார்? வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் காட்டப்போறீங்களாமே. அதுக்கு முந்தி மாத்துங்க மகள்.”

4.

முபாரிஸைத் தொலைபேசியில் பிடித்தாள். (அவனை வில்லனாக்கப் பார்த்தேன்; மசியவில்லை. நல்ல பிள்ளை.)

“அந்த வெட்டுக்குத்தான் விருதே தந்தாங்க. எடுத்துட்டா, எதுக்குத் தந்தாங்கன்டே தெரியாது,” என்றான். “உன்ட விருப்பம்.”

முடிவு அ: மாற்றுகிறாள். அந்தச் சொற்கள் மன்னாருக்கு, வேனடிக்குத் திரும்பிப் போகின்றன. மாமி சிரித்துக்கொண்டே வேனில் ஏறுகிறார். படம் உண்மையாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

முடிவு ஆ: மாற்றவில்லை. சனம் அழுகிறது. மாமி மட்டும்…

(இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

விருதுக்காக அவள் தயங்குவதாகத்தான் நானும் எழுதிவந்தேன். பிழை. மன்னாரைத் திரும்பப் பார்க்காமலே மவுத்தானவர் அவள் உம்மா. கடைசிவரை அவர் சொல்ல ஆசைப்பட்டது ‘ஊருக்குப் போவம்’ என்பதைத்தான். வெட்டும்போது றிஃப்னா கேட்டது மாமியின் குரலை அல்ல. அந்த இடத்தை எடுத்துவிட்டால், உம்மா ஊர்போய்ச் சேர வேறு வழி இல்லை.

5.

வெள்ளிக்கிழமை பின்னேரம். பள்ளிக்கூட மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டியாயிற்று. மடிக்கணினியில் படம் இரண்டு இருக்கிறது: விருது வாங்கியது ஒன்று, மாற்றியது ஒன்று. முன்வரிசைக் கதிரையில் அலீமா மாமி, பெருநாள் சாரியில்.

விளக்கை அணைக்கிறார்கள். மாமி திரும்பிப் பார்க்கிறார்.

“ஊர்ச்சனம் எல்லாம் வந்துட்டுது மகள். போடுங்க.”

றிஃப்னாவின் விரல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்றை அழுத்தினால் மாமா தனித்துப்போவார், மற்றதை அழுத்தினால் உம்மா. என்னால் முடியாது. நீங்களே அழுத்துங்கள்; சனம் காத்திருக்கிறது.