கிளாரிஸ் தாண்டிய கதவு

லார்க் கிணறு என்ற ஊரில், அந்த மண்ணின் பூர்வகுடிகள் நடத்தும் நிலக்காரர் கழகம் கூடும் நாளில் கிளாரிஸுக்கு நாற்காலி சமையலறையில்தான். மற்ற உறுப்பினர்கள் கூட்ட அறையில் நீள மேசையைச் சுற்றி ஏசி காற்றில் உட்காருவார்கள். இவள் மட்டும் நடுக்கதவுக்கு இந்தப் பக்கம், அவர்களுக்கு முதுகைக் காட்டி, அடுப்பைப் பார்த்தபடி. அதில் அவளுக்கு அவமானம் ஒன்றுமில்லை. கழகத்தின் சேர்மன் அவள் மகளைக் கட்டியவன். அவர்கள் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஓர் அறையில் சேர்ந்து இருக்கவே கூடாது. கல்யாண நாளிலிருந்து அவன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. அவளுக்காக நானும் சொல்லப் போவதில்லை, சேர்மன் என்றே வைத்துக்கொள்வோம்.

அவள் வாக்கு கதவைத் தாண்டிப் போக மார்லீன் வேண்டும். மார்லீன் அவளுடைய அண்ணன் மகள், கழக ஆபீசில் வேலை, வாய்த்துடுக்கு. உள்ளே ஒரு கேள்வி வந்தால் அதைச் சமையலறைக்குக் கொண்டுவருவாள், இங்கிருந்து ஆமாம், இல்லையை அங்கே கொண்டுபோவாள்.

அன்றைக்கு அவள் தேநீர்க் கோப்பையோடு ஒரு வரைபடத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தை, இதான் சுரங்கக் கம்பெனிக்காரன் கேக்குற ரோடு. ஓடைக்குக் கிழக்கால துளை போடப் போறானாம். பாத்துட்டு சரின்னு சொல்லிடு, சீக்கிரம் சாப்பிடப் போலாம்."

கிளாரிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். சிவப்புக் கோடு ஓடையைத் தாண்டியது, மணல்மேட்டைச் சுற்றியது, அப்புறம் அது போகக் கூடாத இடத்துக்கு நேராகப் போனது.

அது என்ன இடம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தில் பெண்களுக்குரிய இடங்கள் வேறு சில உண்டு. "இது பொம்பளைங்க இடம், சுத்திப் போங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு சுற்றிப் போய்விடுவார்கள். இது அப்படிப்பட்டதல்ல. இங்கே ஒன்று இருக்கிறது என்றே ஆண் காதில் விழக் கூடாது. அறியாத பெண்ணிடமும் சொல்லக் கூடாது, மார்லீனிடமும்தான். அறிந்தவர்களில் கிளாரிஸின் அக்கா போன மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி நகரத்து ஆஸ்பத்திரியில் சிறுநீரக மெஷினோடு கிடக்கிறாள், யாரையும் அடையாளம் தெரிவதில்லை.

ரோடு போகும் வழியில் புனித இடம் ஏதும் உண்டா என்று கம்பெனிக்காக நடந்து பார்த்துச் சொன்னவர்களும் ஊர் ஆண்களே. பெண்கள் எல்லோரும் சாவு வீட்டில் இருந்த வாரம் அது. நடந்தார்கள், பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. காலங்காலமாகப் பெண்கள் அவ்வளவு நன்றாக மறைத்து வைத்திருந்தார்கள், இன்றைக்கு அந்த மறைப்பே வினையாக வந்து நின்றது.

அந்த இடத்தைக் கிளறினால் கேடு கம்பெனிக்கு வராது. இந்த வம்சத்துப் பெண்களின் வயிற்றுக்கு வரும். கிளாரிஸின் மகள் லெனோராவுக்கு இது ஏழாம் மாதம்.

"வேணாம்னு சொல்லு," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

மார்லீன் போனாள். உள்ளே நாற்காலிகள் கிறீச்சிட்டன. கழகத்தில் சம்பளத்துக்கு வந்த வெள்ளைக்கார மேனேஜர் ஸ்டூவர்ட் ஏதோ பேசினான். மார்லீன் திரும்பி வந்தாள்.

"காரணம் கேக்குறாங்க அத்தை. காரணம் இல்லாம நிறுத்தச் சொன்னா கம்பெனி ஒத்துக்காதாம்."

"காரணம் இல்ல. வேணாம், அவ்ளோதான்."

உள்ளேயிருந்து ஹெக்டர் கத்தினான். அவன் கிளாரிஸின் செத்துப்போன புருஷனுக்குத் தம்பி. கொழுந்தன் என்பதால் கேலிக்கு உரிமை உள்ளவன். "அண்ணி! டீக்குச் சக்கரை தீந்துபோச்சுன்னு கோவமா? சொல்லு, நான் வாங்கியாறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் அவனுக்குக் காது சிவக்கிற மாதிரி ஒன்று திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது அவள் வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மார்லீன் மூன்றாம் தடவை வந்தபோது அவள் முகத்திலும் சிரிப்பில்லை. "சேர்மன் மரியாதையாத்தான் கேக்குறாரு. ரோட்டை எந்தப் பக்கமா தள்ளணும், வடக்கயா தெக்கயான்னு மட்டும் சொன்னா போதுமாம். அத்தை, என்ன ஆச்சு உனக்கு? ஒடம்பு சரியில்லையா?"

எந்தப் பக்கம் என்று சொல்வது விரலை நீட்டிக் காட்டுவதற்குச் சமம். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். மார்லீன் பெருமூச்சு விட்டுவிட்டு வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்துச் சொன்னாள்: "பதில் இல்ல."

"அப்ப ஓட்டுக்கு விட்டுடலாம்," என்றான் ஸ்டூவர்ட். "லாரிங்க ஓடைக்கரையில நிக்குது. நாளைக்குக் காலையில ஆரம்பிக்கணும்."

கிளாரிஸ் மனசுக்குள் எண்ணினாள். ஒன்பது உறுப்பினரில் ஆறு பேராவது இருந்தால்தான் முடிவு செல்லும். மூன்று பேர் ஊரில் இல்லை. மருமகன், அவனுடைய தம்பிகள் இரண்டு பேர், ஹெக்டர், பள்ளிக்கூடத்து எல்ஸி, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இவள். சரியாக ஆறு பேர். மருமகனின் தம்பிகளும் அவளுக்கு மருமகன்களே. இவள் எழுந்து வீட்டுக்குப் போனால் மார்லீன் வந்து கூட்டிப்போய்விடுவாள், அந்த மூன்று பேரும் எழுந்து போனால் அன்றைக்குத் திரும்ப மாட்டார்கள்.

அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு இடத்தைப் பற்றிய பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. அப்படிச் செய்த பெண்ணை அவள் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. செய்தால் ஊர் காறித் துப்பும். மருமகனால் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. லெனோராவை வயிறும் பிள்ளையுமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாலும் கேட்க நாதியில்லை.

"சரின்னு சொல்றவங்க கையத் தூக்குங்க," என்று மருமகனின் குரல் கேட்டது.

கிளாரிஸ் எழுந்தாள், கதவைத் தள்ளினாள், கூட்ட அறைக்குள் போய் நின்றாள்.

சேர்மனின் நாற்காலி பின்னால் கவிழ்ந்தது. தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி அவன் பின்வாசலைப் பிடித்தான். தம்பிகளும் நெருப்புப் பட்டவர்கள் போல அவன் பின்னால் ஓடினார்கள். அவள் கண்ணைத் தரையைவிட்டு எடுக்கவில்லை. தூக்கிய கையை இறக்க மறந்து ஹெக்டர் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான். எல்ஸி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன ஆச்சு? எங்க போறாங்க?" என்றான் ஸ்டூவர்ட். "மூணு பேர் போயிட்டா கூட்டமே செல்லாதே!"

"அண்ணி," என்றான் ஹெக்டர். கேலியெல்லாம் எங்கோ போயிருந்தது. "என்ன காரியம் பண்ணிட்ட அண்ணி?"

அவள் முன்வாசல் வழியாக இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

சாயங்காலம் யாரும் வரவில்லை. மார்லீன்கூட வரவில்லை. எதிர்வீட்டுக்காரி இவளைப் பார்த்ததும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கிளாரிஸ் தீயும் மூட்டவில்லை, சாப்பிடவும் இல்லை. ஒரு கூட்டம் கலைந்தால் இன்னொரு கூட்டம் வரும். அப்போதும் போய் நிற்பாளா? அந்தத் தைரியம் இன்னொரு தடவைக்கு அவளிடம் இல்லை. ஒருவேளை கூட்டமே இல்லாமல் மருமகன் கோபத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால்? ஒரே அடியில் மகளையும் இழந்தோம், இடத்தையும் இழந்தோம் என்று நினைத்தபடியே ராத்திரி முழுக்கக் கிடந்தாள்.

விடிந்ததும் ஓடைப் பக்கம் லாரிகள் உறுமின. அவள் போர்வையைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சத்தம் ஏறியது, இறங்கியது. எந்தத் திசையில் போகிறது என்று காற்றில் தெரியவில்லை. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

வெயில் ஏறிய பிறகு லெனோரா தனியாக வந்தாள். ஒரு கையால் இடுப்பைத் தாங்கியிருந்தாள், மறு கையில் சாக்குப் பை. துணிமூட்டையோடு வந்துவிட்டாள் என்றே கிளாரிஸ் நினைத்தாள். எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

"அனுப்பிட்டானா உன்னை?"

"யாரு? என்னம்மா பேசுற?" லெனோரா பையை அவள் காலடியில் வைத்தாள். உள்ளே கங்காரு வால், தடிமனான நல்ல வால், இன்னும் ரத்தம் காயாதது. வேட்டை கிடைத்தால் மாமியாருக்கு மருமகன் அனுப்ப வேண்டிய பங்கு. "ராத்திரியே கிளம்பிப் போயி இதச் சுட்டாரு. கூட்டம் முடிஞ்சதுலேந்து ஒரு வார்த்தை பேசல, எனக்குத்தான் பயமா இருந்துச்சு."

"லாரிங்க?"

"ஹைவேக்குத் திரும்பிப் போயிடுச்சு. இவரே போயி நிறுத்திட்டாரு. ரோடு அந்தப் பக்கமே வேணாம், எப்பவும் வேணாம்னுட்டாரு. அந்த ஸ்டூவர்ட் விடல, காரணம் என்ன, காரணம் என்னன்னு பின்னாலயே வந்தான்."

"உன் புருஷன் என்ன சொன்னான்?"

"'எங்க மாமியார் என் மூஞ்சி முன்னாடி வந்து நின்னாங்க. இதுக்கு மேல உனக்கு என்னய்யா காரணம் வேணும்'னாரு. ஹெக்டர் சித்தப்பாவையும் வாய மூடிட்டு இருக்கச் சொல்லிட்டாரு, யாரும் உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதாம்." அவள் சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நானும் கேக்கக் கூடாதாம்மா?"

"நீயும்தான். புள்ள பொறக்கட்டும், அப்பறம் ஒருநாள் கூட்டிட்டுப் போறேன்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவனுடைய வண்டி நின்றிருந்தது, வழக்கம்போல மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. ஓட்டுகிறவனின் முதுகு மட்டும் தெரிந்தது. கிளாரிஸும் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.