பாடத்துக்கு வைத்திருந்த பட்டை

பாறை ஏறப் பழக்கும் சனிக்கிழமை வகுப்புக்கு ஆறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஐந்து பேர் வெளியூர். ஆறாவது பெயர் ஓட்டிலியா. அதைப் பார்த்ததுமே வகுப்பு நடத்தும் விஜில் பட்டியலைக் கவிழ்த்து வைத்தான். செத்துப்போன தம்பி இயாக்கோவின் மனைவி அவள். டோலமைட் மலையடியில் பிறந்து வளர்ந்தும் பாறையில் கால் வைக்காதவள். இப்போது எதற்கு வருகிறாள்? வந்து போகட்டுமே என்று மனசைத் தேற்றப் பார்த்தான், தேறவில்லை.

பாறையின் அடியில் எல்லோரையும் நிறுத்தி, இருபது வருஷமாகச் சொல்கிற பாடத்தை ஆரம்பித்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். மேலே வரை இரும்பு வடம் போகிறது, அங்கங்கே முளை அடித்து அதைப் பிடித்திருக்கிறது. உங்கள் இடுப்புவாரிலிருந்து இரண்டு பட்டை, நுனிக்கு ஒரு கொக்கி. முளை வந்தால் ஒரு கொக்கியைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுங்கள், அப்புறம்தான் அடுத்தது. வானம் கறுத்தால் ஏறவே ஏறாதீர்கள், இடிக்கு இரும்பென்றால் கொள்ளைப் பிரியம். இரண்டு பட்டையும் இடுப்பருகே சேரும் இடத்தில் தொங்கும் சின்னப் பைக்குள் மடித்துத் தைத்த நாடா இருக்கிறது. விழுந்தால் தையல் பிரிந்து பிரிந்து வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரு தடவை பிரிந்தால் அதோடு சரி, வெட்டிக் குப்பையில் போட வேண்டியதுதான்.

முன்பெல்லாம் அப்படிப் பிரிந்த ஒன்றை இந்த இடத்தில் எடுத்துக் காட்டுவான். மூன்று வருஷமாகக் காட்டுவதில்லை.

வெளியூர்க்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, உள்ளூர் ஆட்கள் கொக்கியே மாட்டாமல் ஏறுவார்களாமே என்று கேட்டார். விஜில் வாய் திறப்பதற்குள் ஓட்டிலியா முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க, மாட்ட மாட்டாங்க. சொந்த மலையாச்சே, மானம் போயிடும்ல? என் வீட்டுக்காரரும் மாட்டல. செத்துட்டாரு."

கேட்டவர் முகம் செத்துவிட்டது. விஜில் எல்லோரையும் கீழே கட்டியிருந்த பழகு வடத்துக்கு அனுப்பினான். ஓட்டிலியாவும் போனாள். ஒரு முளை, இரண்டு முளை, மூன்று. கழற்றி மாட்டினாள், கழற்றி மாட்டினாள். பிறகு நேரே அவனிடம் வந்தாள்.

"இதுக்காகத்தான் வந்தேன் விஜில். கொக்கி மாட்ட எவ்வளவு நேரமாகும்னு என் கையால பார்க்கணும்னு. ஒரு மூச்சு விடுற நேரம்கூட ஆகல. எனக்காக வேணாம், பெத்த பொண்ணுக்காக அதைச் செய்யக் கூடாதா அவரு?"

கல்லறைத் திருநாளில் ஊர் முழுக்க விளக்கு எரியும்போது இயாக்கோவின் கல்லறை மட்டும் இருட்டாகக் கிடப்பது விஜிலுக்குத் தெரியும். மகளிடமும் அவள், உங்கப்பாவுக்கு நம்மைவிட வீறாப்புதான் பெரிசு என்றே சொல்லி வைத்திருக்கிறாள். ஊரும் அதையேதான் சொல்கிறது.

இன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர் படத்தைக் கழற்றிப் பரணில் போடப் போவதாகச் சொன்னாள். அழாமல் சொன்னாள். அதுதான் அவனை அறுத்தது.

"அவன் மாட்டியிருந்தான்."

அவளுக்குப் புரியவில்லை.

விஜில் சொன்னான், அவள் முகத்தைப் பாராமல், ஒரேயடியாக. பாடத்துக்குக் காட்டவென்று பிரிந்த பட்டை ஒன்றை வைத்திருந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் திறந்து காட்டிவிட்டு மறுபடி மடித்துப் பைக்குள் திணித்து மூடிவிடுவது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் கொட்டகை ஆணியில் மாட்டி வைத்தது. தன்னுடையதை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த இயாக்கோ, அண்ணனுடையதுதானே என்று கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போனது. விழுந்தபோது பிரிவதற்கு அதில் தையலே இல்லை. வேகம் தாங்காமல் பட்டை அறுந்துவிட்டது. மீட்புக் குழுவில் முதலில் இறங்கியவன் விஜில். வடத்தில் தொங்கியதையும் உடம்பில் மிச்சமிருந்ததையும் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். இயாக்கோ கொக்கி மாட்டவில்லை என்று ஊர் நம்பியது அதனால்தான். பாவி, அவ்வளவையும் செய்துவிட்டு இறுதிச் சடங்கில் சவப்பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கினான்.

"ரெண்டு கொக்கியுமா?" என்றாள் ஓட்டிலியா.

"ரெண்டும். விழுந்தப்பறமும் வடத்துலதான் இருந்துச்சு."

அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமாக வராத அழுகை வந்தது. விஜில் தன்னைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான், போலீஸ் என்றான், வழிகாட்டி உரிமம் என்றான். அது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"மூணு வருஷம் அந்த மனுசனைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கேனே," என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சு எல்லாரும் கோயில் வாசல்ல நிப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க. என் பொண்ணு முன்வரிசையில நிப்பா."

சொல்கிறேன் என்றான். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. இடுப்புவாரைக்கூடக் கழற்றாமல், இரண்டு கொக்கியும் தொடையில் இடித்துக்கொண்டிருக்க, கல்லறைத் தோட்டத்துப் பாதையில் வேகமாக இறங்கிப் போனாள்.