ஐந்தாவது வரி

"இன்னைக்கு உன்னை அடுத்த வருஷத்துக்கு ஏத்தலைன்னா, இதோட நிறுத்திக்கலாம்," என்றான் கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். மாமியார் தன் பங்குக்கு, கடைக்காரன் நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிடுகிறான், இவளுக்கு மட்டும் இத்தனை வருஷமா என்று சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கணித ஆராய்ச்சியில் அவளுக்கு இது நான்காவது வருடம். ஆண்டுக்கொரு முறை குழு கூடும். மாணவர் தான் கண்டடைந்த முடிவைக் கரும்பலகையில் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் அடுத்த ஆண்டு, இல்லையென்றால் வீடு. அவளிடம் ஒரு முடிவு இருந்தது, போன மாதம் வரை.

அவளுடைய கைடு பெரிய மனிதர். கணிதத்துக்கு ஆண் பெண் பேதம் கிடையாது என்று மேடைக்கு மேடை முழங்கிக் கைதட்டல் வாங்குபவர். போன மாதம் அவளைக் கூப்பிட்டு மிகவும் மிருதுவாகப் பேசினார். ஆராய்ச்சியில் அவளுக்கு இளையவன் ஒருவன், அவளிடமே பாடம் கேட்டுத் தேறியவன், குழுவுக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல் தவிக்கிறானாம்.

"அவன் குடும்பத்தைக் காப்பாத்தணும்மா. உனக்கென்ன, புருஷன் சம்பாதிக்கிறார். இது அவன் பேர்ல போகட்டும். உனக்கு வேற ஒண்ணு தர்றேன்."

அந்தத் துறையில் அது வழக்கம்தான். ஆராய்ச்சியைப் பங்கு போட்டுக் கொடுப்பது கைடின் உரிமை. கருத்தரங்கு முடிந்ததும் கரும்பலகையை அழிப்பது பெண்களின் பங்கு. இதற்கென்று யாரும் சட்டம் போடவில்லை. ஆண்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

அதை அவனுக்குக் கொடுத்ததும் போதாதென்று நிரூபணத்தைச் சுருக்கியும் கொடுத்தார். நடுவில் இருந்த ஒரு துணைத் தேற்றத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, "என்னம்மா இது, வீட்டு வேலை மாதிரி இழுத்துக்கிட்டே போகுது," என்றார். அவளுடைய இரண்டு வருட உயிர் அதில்தான் இருந்தது. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. 'வேற ஒண்ணு' வரவே இல்லை.

குழு கூடியது. இளையவன் நன்றாகத்தான் எழுதினான், அவள் சொல்லிக்கொடுத்த பாணியிலேயே. ஐந்தாவது வரி வந்ததும் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.

"இங்க ரெண்டு எல்லையோட வரிசையை மாத்தியிருக்கீங்க. எதனால மாத்தலாம்?"

இளையவன் கைடைப் பார்த்தான். கைடு கூரையைப் பார்த்தார். பிறகு இருவருமே கடைசி நாற்காலியில் இருந்த அவளைப் பார்த்தார்கள்.

"நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா," என்றார் கைடு.

கைடு அடித்துவிட்ட துணைத் தேற்றம்தான் பதில்; அது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தான் பெற்ற பிள்ளை இன்னொருவர் வீட்டில் மூச்சுத் திணறுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. சொன்னால் பிழைத்துவிடும், ஆனால் அந்த வீட்டிலேயே.

"அது அவரோட நிரூபணம் சார். அவருக்குத்தான் தெரியும்."

"அக்கா," என்றான் இளையவன், மெல்ல. அது மட்டும் அவளை என்னவோ செய்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

குழு நியாயம் வழங்கியது. இளையவனிடம் திறமை தெரிகிறது, துணைத் தேற்றம் ஒன்றுதான் குறை, ஒரு வருடம் தரலாம். அவளிடம் காட்ட முடிவும் இல்லை, கூடப் படிப்பவனுக்கு உதவும் மனசும் இல்லை, இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கணவனின் வார்த்தை அப்படியே. இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று அவளுக்குத் தோன்றியது.

எல்லோரும் எழுந்தார்கள். கைடு வாசலில் நின்று, திரும்பாமலே, "போறப்ப போர்டை அழிச்சிட்டுப் போம்மா," என்றார்.

அவள் டஸ்டரை எடுத்தாள். ஐந்தாவது வரிக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டஸ்டரைக் கைடின் நாற்காலியில், சாக்பீஸ் தூள் படிந்த வெள்ளைப் பக்கம் மேலாக வைத்துவிட்டு வெளியே வந்தாள். பலகை அப்படியே இருந்தது.

வீட்டில் மாமியார்தான் கதவைத் திறந்தாள்.

"கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு அத்தை."

"சரியா வந்துச்சா?"

"சரியாத்தான் வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு அழுவுற?"